பிடியரிசியும் பள்ளிக்கூடமும்: முத்துக்குளித்துறைக் கரையில் கல்விச் சமத்துவ முயற்சிகளின் சரித்திரம்

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து தெற்கே புன்னைக்காயலும் மணப்பாடும் வரையில் நீளும் கடற்கரையையும், அதற்கு மேற்கே செம்மணல் தேரிகளும் பனங்காடுகளுமாக நாசரேத், சாத்தான்குளம், முதலூர் வரையில் பரந்து கிடக்கும் வறண்ட நிலத்தையும் ஒரே நாட்டுப் பகுதியாகக் கொண்டு நோக்கினால், கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் இவ்வளவு அடர்ந்திருக்கும் பிரதேசங்கள் தமிழகத்தின் தென்கோடியில் மிகச் சிலவே என்பது புலப்படும். ஒரு காலத்தில் எழுத்தறிவே விலக்கப்பட்டிருந்த சமூகங்களின் பிள்ளைகள் இப்பள்ளிகளில் பெருந்தொகையினராகப் படித்து வெளியேறினர் என்பதும் யாவரும் அறிந்ததே. இம்மாறுதலை மிஷனரிமார் அளித்த கொடையாகக் கூறுவோரும், அரசாங்கத்தின் சகாயமாகக் கூறுவோரும் உளர். இரு கூற்றிலும் உண்மை உண்டு எனினும், கணக்கேடுகளின் வழியே இச்சரித்திரத்தைத் தொடர்ந்து செல்பவனுக்கு வேறொரு செய்தி தெளிவாகத் தென்படுகிறது. கொடை எனப்பட்ட பொருளில் பெரும்பகுதி பெற்றுக்கொண்டவரின் உழைப்பிலிருந்தே எடுக்கப்பட்டது. அப்பொருளுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை எவர் கைக்கு எப்போது வந்தது என்பதை ஒட்டியே கல்வியின் பயனும் எல்லையும் நிர்ணயமாயின.

இதற்கு மிகப் பழைய சான்று 16ஆம் நூற்றாண்டிலேயே கிடைக்கிறது. 1530களில் பரதவர் பெருந்திரளாகக் கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய பின், 1542இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஊர்தோறும் கணக்கப்பிள்ளை ஒருவரை அமர்த்திச் சிறுவர்களுக்கு மந்திரங்களையும் ஞானோபதேசத்தையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அவர்களுடைய ஊதியத்துக்கு அவர் போர்ச்சுகல் அரசி கதரீனாவிடம் வேண்டிப் பெற்ற 4,000 பணம், அரசியின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த தொகையாகும். அரசியின் ஈகையாக இச்செய்தி மிகுதியும் பாராட்டப்படுகிறது. ஆனால் அத்தொகை லிஸ்பனில் விளைந்ததன்று. முத்துக்குளித்துறைக் கரையினரே ஆண்டுதோறும் செலுத்திவந்த திறையின் ஒரு பகுதியே அது. மூச்சடக்கிக் கடலடியில் சிப்பி எடுத்தவனுடைய பொருள் கடல் கடந்து சென்று, அரசியின் பெயரைச் சூடிக்கொண்டு, அவனுடைய பிள்ளைக்குக் கல்விக்கொடையாகத் திரும்பி வந்தது என்று சொல்வதே பொருத்தமாகும்.

சவேரியாருக்குப் பின் வந்து, தமிழை முறையாகக் கற்று, 1600இல் மறையும் வரையில் இக்கரையிலேயே உழைத்த அண்டிரிக் அடிகளார் காலத்தில் பரதவர் தாமாகவே பொருள் திரட்டும் வழக்கம் வலுப்பெற்றது. புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்று அவர்களுடைய காணிக்கைகளால் நடந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கத்துக்கும் அவர்களே பொருளுதவி செய்தனர். இந்திய மொழிகளுள் அச்சு வடிவம் கண்ட முதல் நூல்களுள் ஒன்று முத்துக்குளிப்போரின் காசால் வெளிவந்தது என்பது, பரதவர் குலத்துச் சிறுவன் ஒவ்வொருவனும் அறிந்திருக்கவேண்டிய செய்தி என்பது என் துணிபு. ஆயினும் இவ்வளவு முன்னதாகத் தொடங்கிய கல்வி அச்சமூகம் முழுமைக்கும் பரவாது போயிற்று. ஜாதித் தலைவரையும் பட்டங்கட்டிகளையும் தலைமையாகக் கொண்ட அமைப்பில், மேசைக்காரர் எனப்பட்ட வணிகக் குடும்பங்களுக்கும், கம்மாரக்காரர் எனப்பட்ட கடல் தொழிலாளிகளுக்கும் இடையே நிலவிய தூரம் பெரிது. எழுத்தும் கணக்கும் முன்னவரிடமே தங்கிவிட்டன. கரைவலை இழுத்தவனும் தோணியில் சென்றவனும் பங்குக் கணக்கைப் பிறர் வாசிக்கக் கேட்டே அறிந்தனர்.

தேரிக்காட்டின் நிலை வேறு. அக்காலத்து ஆவணங்கள் சாணார் என்று குறித்த நாடார் சமூகத்தில், நிலமும் வரிவசூல் உரிமையும் கொண்டிருந்த நாடான்மார் ஒரு சிலரை ஒழித்தால், ஏனையோர் பங்குனி தொடங்கி ஆவணி வரையில் நாள்தோறும் பல பனைகள் ஏறி இறங்கிப் பதநீர் எடுத்தவர்கள். அவர்தம் மனைவிமார் விடிலிகளில் புகைக்கிடையே அப்பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கியவர்கள். கோயிலுக்குள் நுழையும் உரிமை அவர்களுக்கு இல்லை. தென்திருவிதாங்கூரில் அவர்களுடைய பெண்கள் மேலாடை அணிவதற்கே பல வருஷம் போராடவேண்டியிருந்ததும், 1859இல்தான் அதற்கு அரசு இணங்கியதும் பிரசித்தமானவை. இத்தகைய மக்களிடையே 1799இல், அச்சமூகத்தவரேயாகிய உபதேசியார் தாவீது சுந்தரானந்தம், சமயம் மாறியதற்காகத் துன்புறுத்தப்பட்ட குடும்பங்களுக்குப் புகலிடமாக நிலம் பெற்று முதலூரை நிறுவினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர் இம்முறையை விரிவாக்கி, 1830இல் தர்ம சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் நிதியைக் கொண்டு நிலங்கள் வாங்கப்பட்டு, மிராசுதாரர் வெளியேற்ற முடியாத கிராமங்கள் தோன்றின. கல்வியின் சரித்திரத்தில் நிலத்தைப் பற்றி இவ்வளவு கூறுவானேன் என்று சிலர் வினவலாம். குடியிருக்கும் மனை பிறனுக்குச் சொந்தமாயிருக்கையில் அவன் விரும்பாத பள்ளிக்குப் பிள்ளையை அனுப்ப எவராலும் இயலாது. ஆதலின் சொந்த மனையே முதற் பள்ளிக்கூடத்தின் அஸ்திவாரமாயிற்று.

பள்ளிகள் விரைந்து பெருகின. சாயர்புரத்தில் 1842இல் ஜி.யு. போப் உயர்தரக் கல்விச்சாலை அமைத்தார். இடையன்குடியில் கால்டுவெலும் அவர் மனைவியார் எலைசாவும் பள்ளியோடு பெண்களுக்குச் சரிகைப் பின்னல் தொழிலையும் பரப்பினர். மெஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் கிணறுகள் வெட்டித் தேரி மணலைத் தோட்டமாக்கினார். நாசரேத்தில் மர்காஷியஸ், தாது வருஷப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு 1878இல் தொழிற்பள்ளி தொடங்கினார். சாயர்புரத்துக் கல்லூரி 1883இல் தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டுக் கால்டுவெல் கல்லூரி என வழங்கலாயிற்று. இவர்களுடைய உழைப்பைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மையாகும். ஆயினும் பள்ளியின் சாவி ஐரோப்பியர் கையில் இருந்தது. எந்த ஆசிரியரை நியமிப்பது, எவரை நீக்குவது, எவர் குருப்பட்டத்துக்குத் தகுதியுடையவர் என்பவற்றை அவர்களே தீர்மானித்தனர்.

இன சமத்துவம் என்ற பிரச்சினை இப்பனங்காட்டில் நேரிடையாக எழுந்தது இவ்விடத்திலேதான். 1849இல் கால்டுவெல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல், தம்மிடம் படித்துக்கொண்டிருந்த மக்களையே அறிவிலும் பண்பிலும் தாழ்ந்தவராகச் சித்திரித்தது. தமிழின் தொன்மையை உலகறியச் செய்த அப்பேரறிஞரின் எழுதுகோலே இதையும் எழுதிற்று என்பது வருந்தத்தக்கது. அந்நூலை ஆங்கிலத்திலேயே வாசித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு தலைமுறையை மிஷன் பள்ளிகளே உருவாக்கியிருந்தன. சாயர்புரத்தில் பயின்று நாசரேத்தில் பணியாற்றிய அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, அங்கிருந்த ஐரோப்பிய குருவோடு முரண்பட்டுப் பதவி நீக்கப்பட்டவர். 1857இல் நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்ற தனிச் சபையைத் தொடங்கினார். வெள்ளைக் குருமாரின் அதிகாரத்தையும் பணத்தையும் ஒருங்கே மறுத்து, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு, நாட்டு வழக்கங்களைப் பெருமையுடன் ஏற்று, தம்மவர் காணிக்கையையே ஆதாரமாகக் கொண்டு அச்சபை நடந்தது. அச்சபை பெரிதாக வளரவில்லை என்பதை வைத்து அதன் முக்கியத்துவத்தை அளத்தல் தகாது. கறுப்பின அமெரிக்கரும் ஆப்பிரிக்கரும் வெள்ளையர் சபைகளிலிருந்து பிரிந்து தனிச் சபைகளை நிறுவிய அதே நூற்றாண்டில், தேரிக்காட்டுத் தமிழர் ஒருவர் அதே நியாயத்தைத் தம் வழியில் கண்டறிந்தார். நாடார் தரப்பின் கண்டனங்கள் பின்னும் பெருகியதால் கால்டுவெலின் அந்நூல் விற்பனையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. கற்றவர் கூடி எதிர்த்தால் அச்சிட்ட இழிவும் பின்வாங்கும் என்ற பாடம் அச்சமூகத்தின் நினைவில் பதிந்தது.

மிஷன் பள்ளிகளுக்கு வெளியே, இந்துவாகவே நிலைத்துநின்ற நாடார் வணிகரிடம் வேறொரு ஏற்பாடு முதிர்ந்துகொண்டிருந்தது. கருப்பட்டியும் கருவாடும் உப்பும் மாட்டுவண்டிகளில் ஏற்றி வடக்கே சென்ற இவர்கள், விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் பேட்டைகள் அமைத்துத் தங்கினர். 1876இல் இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியதும், பஞ்சு வாணிபமும் இலங்கை வாணிபமும் அவர்களில் பலரைத் துறைமுகத்தின் பக்கம் திருப்பின. ஊர்தோறும் உறவின்முறை என்ற சபை இருந்தது. மணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டாக எண்ணப்பட்டு வரி செலுத்தினான்; முறைகாரர்கள் முறைவைத்து நிர்வாகம் செய்தனர்; வாங்கும் மூட்டைக்கும் விற்கும் மூட்டைக்கும் மகமை என்ற சிறுதொகை தனியே எடுத்துவைக்கப்பட்டது. கிணறும் சாவடியும் கோயிலும் இப்பணத்தில் எழுந்தன. பின் பள்ளிக்கூடமும் எழுந்தது. விருதுநகரில் 1880களில் உருவான க்ஷத்திரிய வித்தியாசாலைக்கு, மகமையோடு கூட, வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் இட்டுவைத்து அளித்த பிடியரிசியும் ஆதாரமாயிருந்தது. சம்பளமின்றிப் படிக்க இடமளித்த அப்பள்ளியில்தான் காமராஜர் படித்தார். மகமை வியாபாரியின் தராசில் பிறந்தது, பிடியரிசியோ அடுக்களையில் பிறந்தது. கணக்கேட்டில் பெயரில்லாத பெண்களின் பங்கை நிலைநாட்டுவதற்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் இதுவே வலியது.

கோயில் நுழைவு குறித்து நடந்த கமுதி வழக்கு 1908இல் பிரிவி கவுன்சிலில் தோற்றதும், 1899இல் சிவகாசி கொள்ளையிடப்பட்டதும் இச்சமூகத்துக்கு நேர்ந்த பேரிடிகள். நியாயஸ்தலத்தில் தோற்றவர்கள் சங்கத்தில் கூடினர். பொறையாறு ரத்தினசாமி நாடார் முயற்சியால் 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. ஏழை மாணாக்கருக்கு அது அளித்த கல்வி உதவி, படித்து உத்தியோகம் பெற்றபின் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனாக அமைந்தது. தானமாகக் கொடாமல் கடனாகக் கொடுத்ததில் ஒரு நுட்பம் உண்டு: முன் படித்தவன் திருப்பிய பணமே பின் படிப்பவனுக்கு உதவியாகும், பெற்றவனும் தலைகுனிய வேண்டியதில்லை. 1920இல் தூத்துக்குடியில் இச்சங்கத்தார் கூடியபோது எழுந்த யோசனையின் பலனாக, 1921 மே மாதம் பதிவாகி நவம்பரில் இதே நகரில் தொழிலைத் தொடங்கியது நாடார் வங்கி. அதுவே 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. சாணார் என்ற சொல்லை விலக்கி நாடார் என்றே பதியவேண்டும் என்று சென்னை அரசாங்கம் ஆணையிட்டதும் 1921இல்தான். பள்ளி, சங்கம், வங்கி, பெயர் ஆகிய நான்கும் ஒரே தலைமுறையில் கைகூடிய இந்நிகழ்ச்சிக்கு நிகராகத் தென்னாட்டுச் சரித்திரத்தில் வேறொன்றைக் காண்பது அரிது.

ஆனால் உலகச் சரித்திரத்தில் காணலாம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமைத்தளை நீங்கியும் வாக்குரிமையும் பள்ளியும் மறுக்கப்பட்ட கறுப்பின மக்கள், புக்கர் டி. வாஷிங்டனின் தூண்டுதலாலும் சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோஸன்வால்டின் பொருளுதவியாலும், 1912 முதல் 1932 வரையில் ஏறக்குறைய 5,000 பள்ளிகளை எழுப்பினர். அவை ரோஸன்வால்ட் பள்ளிகள் என்றே பெயர் பெற்றன. கணக்கைப் பார்த்தாலோ, ரோஸன்வால்ட் நிதி அளித்தது ஏறத்தாழ 43 லட்சம் டாலர். பருத்திக்காட்டுக் குத்தகையாளரும் சலவைப் பெண்டிரும் அடங்கிய கறுப்பின மக்கள் தாமே திரட்டியது ஏறத்தாழ 47 லட்சம் டாலர். ஏனைய பெரும்பகுதி பொதுவரிப்பணம். அவ்வரியையும் அம்மக்கள் செலுத்தியிருந்தமையால், ஒரே பள்ளிக்கு அவர்கள் இருமுறை விலை கொடுத்தனர் என்பதே உண்மை. பாதரட்சைப் பணத்தின் கதையை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. தம் வரியால் நடக்கும் ஜில்லா போர்டுப் பள்ளியில் இடமின்றி, மகமையாலும் பிடியரிசியாலும் மற்றொரு பள்ளியை நடத்திய தமிழரும் அவ்வாறே இருமுறை கொடுத்தவர்கள்தாம்.

மகமையின் புகழைப் பேசியவர்கள் அதன் எல்லையைப் பேச மறந்தனர். தன் சமூகத்துக்காகத் தன் சமூகத்திடம் எடுத்த பணம், இயல்பிலேயே அச்சமூகத்தின் வாசலோடு நின்றுவிடும். தாமிரபரணிப் பாசனத்தில் நடவு நட்ட பள்ளர்க்கும் பறையர்க்கும் அது எட்டவில்லை. அவர்களுக்கென 1890களில் அரசாங்கம் தனி உதவித்தொகை வழங்கியதும், 1920இல் தொழிலாளர் கமிஷனர் இலாகா தனிப்பள்ளிகள் திறந்ததும், பொதுப்பள்ளியின் கதவு அவர்களுக்கு மூடியே கிடந்தது என்பதற்கு அரசாங்கமே அளித்த சாட்சியம். இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சவுந்தரபாண்டியனார், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பஸ்களுக்கு எதிராக ஆணையிட்டு, தம் சமூகம் பெற்ற உரிமை மற்றவர்க்கும் உரியது எனச் செயலில் காட்டினார். அத்தகையோர் மிகச் சிலரே.

இதைவிட ஆழ்ந்த தடை ஒன்று மகமையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்துவைக்க வேண்டுமாயின் மூட்டை நம்முடையதாயிருக்க வேண்டும். கூலிக்காரனிடம் மூட்டை இல்லை. 1908 பிப்ரவரி இறுதியில் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வும் ஞாயிறு ஓய்வும் பெற்றபோது, வணிகரின் சங்கத்தினின்று முற்றும் வேறான ஓர் அமைப்பு முறை இந்நகரில் உதித்தது. மார்ச்சு 12ஆம் நாள் அவர் கைதானதால் அது முளையிலேயே கருகிற்று. அம்முறை தொடர்ந்து வளர்ந்திருக்குமாயின், கூலிக்காரன் பிள்ளையின் கல்வியும் அதன் கோரிக்கைகளுள் ஒன்றாகியிருக்கும் என்று நம்ப இடமுண்டு.

சமூகம் திரட்டிய நிதிக்கும் அரசாங்கத்தின் கடமைக்கும் பாலம் அமைந்தது 1950களில். 1953இல் இராஜாஜியின் மந்திரிசபை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் நாளில் ஒரு வேளை மட்டும் பள்ளியில் பயின்று, மறுவேளை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று திட்டம் வகுத்தது. பனையேறியின் மகன் விடிலிக்கும் வலைஞன் மகன் வலைக்கும் திரும்புவதே இதன் முடிவு என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் முதல்வரான காமராஜர் மே மாதத்திலேயே அத்திட்டத்தைக் கைவிட்டார். நிறத்தால் பிரித்த பள்ளிகள் செல்லா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்ததும் அதே மே மாதத்தில்தான்.

ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் பசித்த பிள்ளை உள்ளே வருவதில்லை. பிடியரிசிப் பள்ளியில் படித்தவர் இதை அறிந்திருந்தார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, 1956இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து மண்ணில், பள்ளி மதிய உணவுத் திட்டத்தை அவர் தொடங்கிவைத்தார். சென்னை மாநகராட்சி 1920இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவளித்தது முன்னோடியாயினும், அது ஒரு நகரத்தின் ஏற்பாடு. எட்டயபுரத்தில் தொடங்கியது மாநிலம் தழுவிய முயற்சி. முதலில் ஊரார் நன்கொடையே இதற்கு ஆதாரம்; அரசு உதவி வந்தபின் பிள்ளை ஒன்றுக்கு ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு, அதில் ஆறு அரசினுடையது, நான்கு ஊராருடையது என்று வகுக்கப்பட்டது. இந்நான்கு காசு, உறவின்முறையின் பிடியரிசி அல்லாமல் வேறன்று. வேறுபாடு ஒன்றே: இது எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் ஒரே பானையில் வெந்தது. ஒரு சமூகம் தனக்கென்று கண்டுபிடித்த முறையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அதன் சாதி எல்லையை மட்டும் அகற்றிவிட்டு, எல்லோருக்கும் உரியதாக்கியது. இதுவே என் ஆராய்ச்சியின் முடிபு. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் அளித்ததும் இம்முறையின் நீட்சியே.

பள்ளிகளோடு உயர்கல்வியும் வளர்ந்தது. தூத்துக்குடியில் 1948இல் புனித மரியன்னை மகளிர் கல்லூரியும், 1951இல் வ.உ. சிதம்பரம் கல்லூரியும், சாயர்புரத்தில் 1962இல் போப் கல்லூரியும், திருச்செந்தூரில் 1965இல் ஆதித்தனார் கல்லூரியும், 1966இல் தூத்துக்குடிக் காமராஜ் கல்லூரியும் அடுத்தடுத்து எழுந்தன. முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனபின், 1977இல் இந்நகரில் மீன்வளக் கல்லூரி தோன்றியது.

இவ்வளவுக்குப் பின்னும் எஞ்சி நிற்பவர்கள் உப்பளத் தொழிலாளிகள். முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி ஆகிய இடங்களில் விடியுமுன் பாத்தியில் இறங்கும் ஆணும் பெண்ணும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலையிழந்து, கடனில் வாழ்ந்து, அக்கடனை அடைக்கவே அடுத்த பருவத்தில் மீண்டும் பாத்திக்குச் செல்கின்றனர். மழைக்கால நிவாரணமாக 2022 முதல் அரசு 5,000 ரூபாய் வழங்கிவருவது நன்மையே. எனினும் அது மழைக்காலத்து வயிற்றுக்கே போதும் போதாததாயிருக்கிறது. இவர்கள் குவிக்கும் உப்பு இவர்களுடையதன்று. ஆதலின் இவர்களுக்கு மகமை இல்லை. இக்கரையின் சரித்திரத்தை முன்வைத்து ஒரு யோசனை கூற விரும்புகிறேன். தூத்துக்குடியிலிருந்து வெளியேறும் உப்பின் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சிறுதொகையை உற்பத்தியாளரும் வணிகரும் எடுத்துவைக்கச் சட்டம் செய்து, அதைத் தொழிலாளரின் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும் வரையில் செலவிடும் நிதியாக்க வேண்டும். அந்நிதியின் நிர்வாகத்தில் பெண் தொழிலாளர் பாதிக்குக் குறையாமல் அமரவேண்டும். வருஷந்தோறும் மழைக்காலத்தில், அவர்கள் வேலையின்றி ஊரில் இருக்கும் நாளில், கணக்கு அவர்கள் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும்.